வீட்டுத் தோட்டத்தில் பருத்தி: விதைப்பது முதல் நூற்பது வரை

திருப்பூர், கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக்காரர்களுக்கு நூலும் துணியும் புதிதல்ல. வீட்டுக்கு ஒருவராவது மில்லிலோ பனியன் கம்பெனியிலோ தறியிலோ வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் பருத்திச் செடியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், அதிலும் இளையவர்கள், குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு காலத்தில் கிணற்று இறவையில் கம்போடியா பருத்தி விளைந்த தோட்டங்களில் இன்று தென்னையும் மக்காச்சோளமும் நிற்கின்றன. நம் மில்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா பக்கமிருந்து லாரியில் வருகிறது. இத்தனை நூல் ஓடும் ஊரில் பிறந்த பிள்ளைகள் ஒரு பருத்திப் பூவாவது பார்த்து வளர வேண்டும் என்பது என் ஆசை.

விற்பனைக்காகப் பயிர் செய்கிறவர்களுக்கு இங்கே புதிதாக ஒன்றும் இருக்காது. மொட்டை மாடியில் பத்துத் தொட்டியோ, தோட்டத்து ஓரத்தில் ஒரு சென்ட்டோ வைத்து, கையாலேயே பஞ்செடுத்து, திரியோ நூலோ ஆக்கிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இது எழுதப்பட்டது.

தொடங்குமுன் ஒன்று. பருத்திக்கு முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். பஞ்சை என்ன செய்யப் போகிறோம் என்று முடிவானால் எந்த விதை என்பது தெரிந்துவிடும். காய் எந்த மாதம் வெடிக்க வேண்டும் என்று முடிவானால் எப்போது விதைப்பது என்பதும் தெரிந்துவிடும். இந்த இரண்டிலும் தவறினால், செடி ஆளுயரம் வளர்ந்து நின்றாலும் கையில் கிடைப்பது கறை படிந்த பஞ்சுதான்.

எத்தனை செடி வேண்டும்?

ஒரு நல்ல காயில் 3 முதல் 5 கிராம் வரை கொட்டையோடு கூடிய பருத்தி இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. தொட்டியில் வளரும் செடி 20 காய் பிடித்தால் 80 கிராம் பருத்தி, அதாவது 25 கிராம் சொச்சம் பஞ்சு. ஒரு சாதாரண டி-சர்ட் 150 கிராம் எடை வரும். சேதாரம் எதுவும் இல்லாமல் பார்த்தாலே ஆறு செடியின் பஞ்சு அதற்குப் போய்விடும். கையால் செய்யும்போது சேதாரம் இருக்கும் என்பதால் பத்துச் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தில் வைப்பதானால், வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்ட்டில் 180 செடி பிடிக்கும். ஏக்கருக்கு 8 குவிண்டால் என்ற கணக்கில் பார்த்தால் அந்த ஒரு சென்ட்டில் 8 கிலோ பருத்தி, கிட்டத்தட்ட இரண்டரை கிலோ பஞ்சு. அத்தனையும் கையால் கொட்டை பிரித்து நூற்க ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வேலை இருக்கும். முதல் முறை பத்திலிருந்து இருபது செடி போதும்.

விதை

உலகில் பயிராகும் பருத்தி நான்கு இனம். நான்குமே இந்தியாவில் விளைகின்றன. வீட்டில் வளர்ப்பவர் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, நாட்டுப் பருத்தி. கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் மானாவாரியாக வரும் கருங்கண்ணி இந்த வகை. இழை ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மஞ்சள் பூ, நடுவில் செந்நிறப் பொட்டு. வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சியையும் நன்றாகத் தாங்கும். விளக்குத் திரி, தலையணை, கொஞ்சம் தடித்த நூல் எதுவானாலும் இது போதும்.

இரண்டாவது, கம்போடியா வழி வந்த அமெரிக்கப் பருத்தி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எம்.சி.யு. 5 (1968), மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் கோவை மண்டல மையத்திலிருந்து வந்த எல்.ஆர்.ஏ. 5166, சுரபி எல்லாம் இந்தக் கூட்டம். இழை ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கும். தக்ளியிலோ (கையால் சுழற்றி நூற்கும் கம்பி) ராட்டையிலோ நூற்கப் பழகுகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். நீளமான இழை என்றால் கை தடுமாறினாலும் நூல் சட்டென்று அறாது.

மூன்றாவது, சுவின். 1974-இல் அதே கோவை மையத்திலிருந்து வெளிவந்த மிக நீண்ட இழைப் பருத்தி. ஒன்றரை அங்குலத்தை ஒட்டி வரும். 120-ஆம் நம்பர் என்னும் மிக மெல்லிய நூலுக்கு இழுக்கக்கூடியது. இந்த மண்ணில் பிறந்த ரகம் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வயது அதிகம், பூச்சித் தொல்லையும் அதிகம். ஒரு வருடம் எம்.சி.யு.வில் கை பழகிவிட்டு, அப்புறம் இதற்குப் போகலாம்.

உரக்கடையில் கேட்டால் பெரும்பாலும் மரபணு மாற்றிய பி.டி. கலப்பின விதைதான் எடுத்துத் தருவார்கள். 2002-இல் அனுமதி கிடைத்ததிலிருந்து சந்தை முழுக்க அதுதான். வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன். பொட்டலம் ஏக்கர் கணக்குக்குப் போட்டது. அதிலிருந்து எடுத்து வைக்கும் விதை அடுத்த முறை ஒரே மாதிரி வராது. கலப்பினம் இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக விதை விற்பனை மையத்தில் விசாரிக்கலாம். நாட்டு ரகத்துக்கு, மரபு விதை சேகரிப்பவர்கள் நடத்தும் விதைத் திருவிழாக்கள் நல்ல இடம்.

வாங்கும்போது "பஞ்சு நீக்கின விதைங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமிலத்தில் போட்டுப் பஞ்சு நீக்கிய விதை கறுப்பாக, வழுவழுப்பாக இருக்கும், அப்படியே விதைக்கலாம். நீக்காத விதை சாம்பல் நிறப் பூஞ்சோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காக வீட்டில் கந்தக அமிலத்தைத் தொட வேண்டாம். சாணிக் கரைசலில் புரட்டி, செம்மண்ணோ சாம்பலோ தூவித் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் விதை தனித்தனியாகப் பிரிந்துவிடும். நம் பாட்டன்மார் செய்த வழி அதுதான், இன்றைக்கும் பலிக்கிறது. சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதை மருந்து கலந்தது. அதை வெறும் கையால் அளையக் கூடாது. மீந்தாலும் மாட்டுக்கு வைக்கக் கூடாது.

எப்போது விதைப்பது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் தண்ணீர் வசதி இருக்கிற வீட்டுப் பருத்திக்கு ஒரு மாதம் பொறுப்பது நல்லது. காரணம் கணக்கில் இருக்கிறது.

விதைத்து 35 முதல் 45 நாளில் சப்பை கட்டும். அதாவது மூன்று இலைச் சிறகுக்குள் மொட்டு வைக்கும். 55 முதல் 65 நாளில் பூக்கும். பூத்ததிலிருந்து 45 முதல் 50 நாளில் அந்தக் காய் வெடிக்கும். ஆக, விதைத்த 105, 110-ஆவது நாளில் முதல் வெடிப்பு. ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் அந்த நாள் ஐப்பசியில் வந்து விழும். கொங்குக்கு நல்ல மழை கிடைப்பதே அந்த வடகிழக்குப் பருவத்தில்தான். வெடித்த காய் மழையில் நனைந்தால் பஞ்சு பழுப்பேறும், பூஞ்சணம் பிடிக்கும், கொட்டை செடியிலேயே முளை விடும்.

ஆவணி முதல் பாதியில் விதையுங்கள். புரட்டாசியில் சப்பை, ஐப்பசியில் பூ, கார்த்திகைக் கடைசியில் முதல் வெடிப்பு. மழை ஓய்ந்து, மார்கழி, தையில் காற்றில் ஈரம் குறையக் குறையக் காய்கள் மளமளவென்று விரியும். அந்த மாதங்களின் வெயிலும் லேசான பனியும் வெள்ளைப் பஞ்சுக்குப் பொருத்தமானவை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் பேய்க்காற்றிலிருந்து இளஞ்செடி தப்பிப்பது இன்னொரு லாபம். உடுமலை, பல்லடம் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மாசிப் பட்டமும் உண்டு. மாசியில் விதைத்தால் வைகாசிக் கடைசியில் வெடிக்கத் தொடங்கும். காங்கயம், தாராபுரம், மூலனூர் போன்ற மழை மறைவுப் பகுதிக்கு இது சரிப்படும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்மேற்குச் சாரல் விழும் என்பதால் அங்கே ஆவணியே நல்லது. மாசிச் செடிக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விதைப்பும் வளர்ப்பும்

பருத்திக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். அதனால் தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். 20 லிட்டர் பக்கெட்டோ அந்த அளவு வளர்ப்புப் பையோ எடுத்து, அடியில் துளை போட்டு, ஒன்றில் ஒரு செடி வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. ஆட்டு எரு கிடைத்தால் இன்னும் நல்லது. நிலத்தில் வைப்பவர்கள் கரிசலானாலும் செம்மண்ணானாலும் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. கரிசலில் பாத்தியைவிட மேட்டுப் பார் போட்டு நடுவது நல்லது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தென்னை நிழலில் பருத்தி வராது.

விதையை இரவு ஊற வைத்து, ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதையாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். மண் மேலே இறுகிப்போனால் முளை தலை தூக்கத் திணறும் என்பதால், முளைக்கும்வரை பூவாளியால் லேசாகத் தெளியுங்கள். ஐந்திலிருந்து எட்டு நாளில் தடித்த இரண்டு வித்திலைகள் விரியும். மூன்று வாரம் ஆனதும் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி விடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் இதே காரணத்தால் சரிவராது. விதையை நேரடியாக ஊன்றுவதுதான் முறை.

முதல் ஒன்றரை மாதம் செடி மெதுவாகத்தான் வளரும். அந்த நாட்களில் களை முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். இலை சிறியதாக இருக்கிறதே என்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை தளதளவென்று வரும், அசுவினியும் கூடவே வரும், காய் குறையும். சப்பை கட்டும்போது ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்து ஊற்றி, தூரில் மண் அணைத்து விடுங்கள். அடுப்புச் சாம்பல் இருந்தால் கொஞ்சம் தூவலாம்.

தண்ணீர் விஷயத்தில் பூக்கும் காலமும் காய் பிடிக்கும் காலமும்தான் நெருக்கடி. அப்போது காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் சப்பையும் பிஞ்சும் கொட்டிவிடும். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் கட்டும் சப்பையில் பெரும்பங்கு உதிரத்தான் செய்யும். தாங்கும் அளவுக்கு மேல் செடி வைத்துக்கொள்ளாது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு காய் வெடித்ததும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

75 நாள் ஆகி, தண்டில் பதினைந்து கணு வந்ததும் நுனியைக் கிள்ளி விடுங்கள். உயரம் நின்று, சத்து காய்க்குப் போகும்.

அமெரிக்க ரகத்தின் பூ காலையில் பால் நிறத்தில் விரியும், மறுநாள் இளஞ்சிவப்பாகும், மூன்றாம் நாள் வாடி விழும். ஒரே செடியில் இரண்டு நிறப் பூ நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பூச்சி

பருத்தி, வெண்டை, செம்பருத்தி மூன்றும் ஒரே குடும்பம். மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, காய்ப்புழு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகத் தாவும். மாடியில் செம்பருத்தித் தொட்டி இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். நிலத்தில் கதை வேறு. அங்கே வரப்போரம் வெண்டையும் ஆமணக்கும் வைத்தால் பூச்சி முதலில் அங்கே போகும். அங்கேயே பிடித்து அழிக்கலாம்.

முதல் இரண்டு மாதம் சாறு உறிஞ்சிகள். இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கிச் சுருண்டால் தத்துப்பூச்சி. எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் அசுவினி இருக்கிறது என்று பொருள். வெள்ளை ஈயும் அசுவினியும் விடும் பசை வெடித்த பஞ்சின் மேல் விழுந்தால், பிறகு நூற்கும்போது இழை கையில் ஒட்டும். அதனால் கடைசிவரை கவனம் வேண்டும். மஞ்சள் ஒட்டுப் பொறி ஒன்று கட்டுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்கால வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். பொறிவண்டு நடமாட்டம் இருந்தால் மருந்தை நிறுத்திவிடுங்கள். அது அசுவினியைத் தின்று தீர்க்கும்.

அப்புறம் காய்ப்புழு. பூ விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்தே நின்றால் உள்ளே இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருக்கிறது. அந்தப் பூவைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள். காயில் துளையும் எச்சமும் தெரிந்தால் அந்தக் காயும் போக வேண்டியதுதான். இருபது செடியில் தினமும் காலை ஐந்து நிமிடம் செலவழித்தால் மருந்தே தேவைப்படாது.

காய் வெடித்த பிறகு சிவப்பும் கறுப்புமாக நாவாய்ப்பூச்சி கூட்டமாக வரும். கொட்டையைக் குத்திச் சாறு குடித்துப் பஞ்சில் கறை விட்டுப் போகும். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக் காயை அதன் மேல் தட்டினால் உள்ளே விழுந்துவிடும்.

பருத்தி எடுப்பு

இத்தனை மாதம் பட்ட பாட்டின் பலன் எடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம். காய் லேசாகக் கீறியதும் பிரித்து எடுத்தால் இழை முதிராமல் இருக்கும். நூற்கையில் முடிச்சு முடிச்சாகச் சிக்கும். நான்கைந்து சுளையும் முழுதாக விரிந்து, பஞ்சு பூரித்துத் தொங்க வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் செடியில் விட்டுவைத்தாலும் தூசியும் சருகும் ஏறும். வாரம் ஒரு முறை எடுப்பது சரி.

நேரம் காலை, பத்து பத்தரைக்குள். அந்த வேளையில் காயைச் சுற்றியிருக்கும் சருகு சற்று ஈரப்பதத்தோடு இருக்கும், நொறுங்காது. வெயில் ஏறிவிட்டால் கை பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்து பஞ்சில் ஏறிவிடும். அதைப் பிறகு பொறுக்கி எடுப்பது பெரும் பாடு. ஆனால் பனி சொட்டச் சொட்டவும் எடுக்கக் கூடாது. ஒரு கையால் காயைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் சுளைகளை மட்டும் உருவுங்கள். ஓடும் சருகும் செடியிலேயே நிற்கட்டும்.

தலைமுடியைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மடியிலோ பருத்தித் துணிப் பையிலோ போடுங்கள். உரச் சாக்கு வேண்டவே வேண்டாம். அந்தச் சாக்கிலிருந்து பிரியும் பிளாஸ்டிக் இழை பஞ்சோடு கலந்துவிட்டால் எடுக்க முடியாது. சாயம் போட்ட பிறகு துணியில் அது தனியாகத் தெரியும். மில்களுக்கே தீராத தலைவலி இது. புழு விழுந்த, கறை பட்ட காய்களுக்குத் தனிப் பை ஒன்று வைத்துக்கொண்டு செடியிலேயே தரம் பிரித்துவிடுங்கள். அதை விளக்குத் திரிக்கும் தலையணைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எடுத்ததை நிழலில் துணி விரித்து இரண்டு நாள் உலர்த்துங்கள். நேர் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் மஞ்சளடிக்கும். பல்லால் ஒரு கொட்டையைக் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினால் இன்னும் ஒரு நாள்.

பருத்தி ஏலம் பார்த்ததில்லை என்றால், பருவத்தில் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கோ, அவிநாசி, திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கங்களுக்கோ ஒரு ஏல நாளில் போய் வாருங்கள். வியாபாரிகள் ஒரு பிடி எடுத்துப் பிய்த்து, இழை நீளத்தையும் சுத்தத்தையும் பார்க்கிற விதத்தைக் கவனித்தால் தரம் என்றால் என்ன என்பது கண்ணுக்குப் புரிந்துவிடும்.

கொட்டை பிரித்தல்

பத்துச் செடிப் பருத்திக்கு ஜின்னிங் மில் தேவையில்லை. விரலாலேயே பிரிக்கலாம். ஒரு கொட்டையைப் பிடித்து, சுற்றியிருக்கும் இழையை விசிறியைப் போல விரித்து, ஒவ்வொரு பக்கமாக உருவுங்கள். சுவினில் கொட்டை வழுவழுப்பாக இருப்பதால் பஞ்சு எளிதாகக் கழன்று வரும். மற்றதில் கொட்டையின் பூஞ்சு பிடித்துக்கொள்ளும், பொறுமை வேண்டும்.

இதைவிட வேகமான பழைய வழி ஒன்று உண்டு. ஒரு வழுவழுப்பான பலகை, ஒரு அடி நீளத்தில் விரல் தடிமனுக்குக் குறைந்த இரும்புக் கம்பி. பருத்தியை ஒரு மணி நேரம் இளவெயிலில் வைத்து மொறமொறப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொட்டையாகப் பலகையில் வைத்து, இழைப் பக்கம் கம்பியை அழுத்திக் கொட்டையை நோக்கி உருட்டுங்கள். கம்பி இழையின் மேல் ஏற ஏற, கொட்டை முன்பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும். ஓங்கி அழுத்தினால் கொட்டை நசுங்கி எண்ணெய்க் கறை படும். சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்ய ஏற்ற வேலை.

பஞ்சைக் கொட்டுதல்

பிரித்த பஞ்சு கட்டி கட்டியாக இருக்கும். இழைகளைத் தளர்த்தி ஒரு திசைப்படுத்த வேண்டும். மெத்தைக்காரர் வைத்திருக்கும் பெரிய வில்லின் சிறு வடிவத்தை மூங்கில் சிம்பும் முறுக்கான நாணும் வைத்துச் செய்துகொள்ளலாம். நாண் பஞ்சைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்துச் சுண்டினால், பஞ்சு துள்ளிப் பிரிந்து மேகமாக விழும். தூசியும் சருகும் அடியில் தங்கும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

வில் செய்ய நேரமில்லாதவர்கள் நாய்க்கு முடி சீவும் கம்பி பிரஷ் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் கொஞ்சம் பஞ்சைப் பரப்பி, மற்றதால் எதிர்த்திசையில் மெதுவாகச் சீவுங்கள். ஏழெட்டு முறை சீவியதும் மெல்லிய ஏடு போல வரும். அதை உரித்து, ஒரு குச்சியின் மேல் தளர்வாகச் சுருட்டி, குச்சியை உருவிவிட்டால் நூற்பதற்கான திரி தயார். விரல் தடிமனும் ஒரு சாண் நீளமும் இருந்தால் போதும்.

விளக்குத் திரிதான் உங்கள் தேவை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கொட்டிய பஞ்சைத் தொடையிலோ உள்ளங்கையிலோ உருட்டினால் திரி வந்துவிடும். செடியிலிருந்து எடுத்த பஞ்சில் இயற்கையான மெழுகு இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை நன்றாக இழுக்கும். அதே காரணத்தால் இந்தப் பஞ்சைப் புண்ணுக்கு வைத்துத் துடைக்க உதவாது. மருந்துக் கடைப் பஞ்சு மெழுகு நீக்கிச் சுத்தம் செய்தது.

நூற்பது

நூற்பதற்குத் தக்ளி போதும். மெல்லிய கம்பி, அடியில் ஒரு வட்டு, மேலே ஒரு கொக்கி. காதி கடைகளில் விசாரித்தால் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் மூங்கில் குச்சியும் மரவட்டும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். கம்பளி நூற்கிற மாதிரி கனமான கதிரை அந்தரத்தில் தொங்கவிட்டால் பருத்தி இழை தாங்காமல் அறுந்துவிடும். எனவே தக்ளியின் முனையை ஒரு கொட்டாங்குச்சிக்குள் ஊன்றிச் சுழல விடுங்கள். எடை முழுக்கக் கொட்டாங்குச்சி தாங்கிக்கொள்ளும்.

தக்ளியில் ஒரு முழ நூலைக் கட்டி, கொக்கியில் மாட்டி, அதன் நுனியைத் திரியின் நுனியோடு இரண்டு அங்குலம் சேர்த்துப் பிடியுங்கள். வலக்கையால் தக்ளியைச் சுண்டுங்கள். முறுக்கு ஏறித் திரியின் இழையைப் பிடித்துக்கொள்ளும். உடனே இடக்கையை மெதுவாகப் பின்னால் இழுங்கள். இங்கேதான் எல்லா நுட்பமும். முறுக்கு ஏறாத இடத்தில் இழுத்தால் அறும். நிறைய ஏறிய பிறகு இழுத்தால் நீளவே நீளாது. இரண்டுக்கும் நடுவில், இழை வழுக்கிக்கொண்டு நீளும் ஒரு கணம் இருக்கிறது. விரல் அதைக் கண்டுகொள்ளும்வரை நூல் தடிப்பும் மெலிவுமாகத்தான் வரும். அந்த நூலையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு கை நீளம் நூற்றதும் இன்னும் கொஞ்சம் முறுக்கேற்றி, தக்ளியில் சுற்றிக்கொண்டு தொடருங்கள். பருத்திக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக முறுக்கு வேண்டும். நூலைத் தளர்த்தி விட்டால் தானாக இரட்டையாகச் சுருண்டுகொள்ள வேண்டும், அதுதான் அளவு.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் கைராட்டையில் இந்த வேலையைச் செய்துதான் வறட்சிக் காலத்தில் கூலி பார்த்தார்கள். தக்ளியில் கை பழகிவிட்டால் ராட்டைக்குப் போவது கஷ்டமில்லை.

சேர்ந்த நூலை முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் இடையில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். மெழுகும் அழுக்கும் கழன்று வருகிற நிறம் அது. அலசி, சிட்டத்தின் அடியில் சிறு எடை தொங்கவிட்டு நிழலில் காய வைத்தால் முறுக்கு நிலைத்து நூல் அமைதியாகிவிடும். இனி தண்ணீரையும் சாயத்தையும் உறிஞ்சும். இரண்டு நூலைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் குரோஷா பின்ன வசதியான உறுதி கிடைக்கும். நெய்ய ஆசையிருந்தால், பாவுக்கு (நீளவாட்டு நூல்) கடை நூலைப் போட்டுவிட்டு, உங்கள் நூலை ஊடைக்கு (குறுக்கு நூல்) மட்டும் வையுங்கள். இழுவையும் உரசலும் பாவில்தான் அதிகம். முதல் வருட நூல் அதைத் தாங்காது. சென்னிமலை, நெகமம், பவானி என்று தறிக்காரர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கைத்தறி நெய்பவர் யாரையாவது கேட்டால் சிறு சட்டத்தில் பாவு கட்டுவது எப்படி என்று சொல்லித் தருவார்கள்.

கொட்டையும் பருத்திமாரும்

மருந்து படாத செடியின் கொட்டை மாட்டுக்கு நல்ல தீவனம். ஊற வைத்து ஆட்டி வையுங்கள். பருத்திப் பால் காய்ச்ச நினைப்பவர்கள், ஆட்டி வடிகட்டிய பாலை நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே கருப்பட்டியும் சுக்கும் சேர்க்க வேண்டும். கொட்டையில் காசிபோல் (gossypol) என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் இருப்பதால் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கோழிக்கும் வைக்க வேண்டாம்.

விதைக்கு எடுத்து வைப்பதை, நடுப் பருவத்தில் வெடித்த, செடியின் நடுப்பகுதிக் காய்களிலிருந்து எடுங்கள். முதல் எடுப்பும் கடைசி எடுப்பும் வேண்டாம். பக்கத்தில் வேறு ரகப் பருத்தி இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதைத் தடுக்க, மறுநாள் விரியப் போகும் மொட்டின் நுனியை முந்தின நாள் சாயங்காலமே ஒரு நூலால் கட்டிவிடுங்கள். பூ விரியாமலே தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்கும். கட்டிய பூவின் காம்பில் ஒரு வண்ண நூலையும் முடிந்து வைத்தால் பிறகு காயை அடையாளம் காணலாம். ரகம் சுத்தமாக நிற்க இருபது செடிக்கு ஏழெட்டுக் காய் போதும். ஒரு காயில் 25, 30 கொட்டை இருக்கும்.

கடைசி எடுப்பு முடிந்ததும் செடியை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கிளையில் தொங்கும் அரைகுறைக் காய்களில்தான் இளஞ்சிவப்புப் புழு அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும். வேரோடு பிடுங்கி, காய்ந்த காய்களைப் பொறுக்கி எரித்துவிட்டு, பருத்திமாரை, அதாவது காய்ந்த செடித் தண்டை, அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே மண்ணில் அடுத்து உளுந்தோ தட்டைப்பயறோ போடுங்கள். எடுத்து வைத்த விதையைச் சாம்பலில் புரட்டி, வேப்பிலையோடு துணிப் பையில் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஆவணிக்கு முன் பத்து விதையை ஈரத் துணியில் வைத்துப் பார்த்து, குறைந்தது ஏழு முளைத்தால் அப்படியே விதைக்கலாம், குறைந்தால் குழிக்கு இரண்டு விதை கூடப் போடுங்கள்.